கடோத்கஜனுக்குக் கொடுத்த கடன்

தட்டு நிறைய லட்டு. அதில் ஒரு லட்டு தானாக எழுந்திருக்கிறது. காற்றில் மிதக்கிறது. நேராகப் போய் ஓர் ஆளின் வாய்க்குள் விழுகிறது. அடுத்த லட்டு. அதற்கடுத்த லட்டு.

நடக்கிற காரியமா இது?

இல்லை. உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். 1957-ல் டூரிங் டாக்கீஸ் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து 'மாயாபஜார்' பார்த்த ஆயாக்களுக்கும் தெரியும். ஆயுசு முழுக்க அடுப்படியில் நின்றவர்கள் அவர்கள். எந்தப் பலகாரமும் தானாக எழுந்து நடந்ததில்லை என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஆனாலும் கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ் வாயைத் திறந்தார். லட்டு பறந்தது. கொட்டகை குலுங்கிச் சிரித்தது. ஓர் ஆள்கூட எழுந்து நின்று, 'அதெப்படிய்யா லட்டு பறக்கும்?' என்று கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? இந்த வாரம் நாம் துருவப்போகிற சமாச்சாரம் அதுதான். லட்டில் ஆரம்பித்து, ரோபோ, ஈ, வேற்றுக்கிரகவாசி என்று வந்து, செத்துப்போனவர்களைத் திரும்ப அழைத்து வருவது வரை நீண்டுவிட்ட கதை இது. கடைசியில் அது நம் ஊர் வயல்காட்டில் வந்து நிற்கும். கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

அந்த 1957-க்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ஏப்ரலில் தமிழ் 'மாயாபஜார்' வந்தது. மே மாதம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்க வேலையை நேரு தொடங்கி வைத்தார். பின்னாலேயே ஜெர்மனியிலிருந்து ராட்சச இயந்திரங்கள் வந்தன. பெரிய சக்கரம், அதன் விளிம்பெல்லாம் வாளிகள். சக்கரம் சுற்றச் சுற்ற மண் போய்க்கொண்டே இருக்கும். ஒரு வாளியில் 1,400 லிட்டர் மண் அள்ளுகிற ரகம்கூட இன்று அங்கே உண்டு. ஆக, அன்றைய தென்னாற்காடு ஜில்லாவுக்கு ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு ராட்சதர்கள் வந்தார்கள். ஒருவன் கொட்டகைக்கு. இன்னொருவன் பூமிக்கு.

முதலாமவன் சாப்பிட்டது எல்லாம் பொய். இரண்டாமவன் சாப்பிட்டது எல்லாம் நிஜம். இரண்டாமவனைக் கொஞ்சநேரம் ஓரமாக உட்கார வைப்போம்.

*

சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ் என்று ஓர் ஆங்கிலக் கவிஞர். பேய், சாபம், ஆவி ஓட்டுகிற கப்பல் என்று எழுதியவர். படித்தவர்கள் இதையெல்லாம் எப்படி ஏற்றுக்கொள்வார்கள் என்கிற கேள்வி அவருக்கு வந்தது. 1817-ல் வெளியான தன் புத்தகத்தில் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார். வாசகன் ஏமாறுவதில்லை, தன்னுடைய அவநம்பிக்கையைக் கொஞ்சநேரத்துக்குத் தானே விரும்பி ஒத்தி வைக்கிறான் என்றார்.

இதில் முக்கியமான சொல் எது தெரியுமா? 'அவநம்பிக்கை' இல்லை. 'ஒத்தி வைப்பது'கூட இல்லை. 'விரும்பி' என்கிற சொல்தான்.

நான் படித்தது பி.காம். கோல்ரிட்ஜைவிடப் பேரேடு எனக்கு நெருக்கம். அதனால் இதை என் பாஷையில் இப்படிச் சொல்கிறேன். கொட்டகைக்குள் நுழைகிற ஒவ்வொருத்தரும் நம்பிக்கையைக் கடனாகக் கொடுக்கிறார்கள். இரண்டரை மணி நேரக் கைமாத்து. படம் எடுத்தவர் அதை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். சிரிப்பாக, அழுகையாக, ஆச்சரியமாக, எப்படியோ தந்துவிட வேண்டும். தந்தால் அடுத்த படத்துக்கு மறுபடி கடன் கிடைக்கும். தராவிட்டால், இடைவேளையிலேயே கடன்காரன் என்று பெயர் எடுத்துவிடுவார்.

கடன் கொடுப்பவன் முட்டாள் இல்லை. எதிராளி யார், என்ன சொல்லிக் கேட்கிறான் என்று பார்த்துத்தான் கொடுக்கிறான். நம் ஜனங்கள் இதில் கைதேர்ந்தவர்கள். சினிமாவுக்கு வெகுகாலம் முன்பிருந்தே.

கடலூர், விழுப்புரம் பக்கத்து வாசகர்களுக்குத் திரௌபதி அம்மன் திருவிழாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தெருக்கூத்தில் ராஜா எப்படி வருவார்? இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதன் பின்னால் ராஜா ஆடுவார், பாடுவார். பிறகு துணி விலகும். கிரீடமும் புஜகீர்த்தியும் மரக்கட்டை. மேலே ஒட்டியிருப்பது கண்ணாடிச் சில்லு. கூடவே கட்டியக்காரன் நின்றுகொண்டு, 'யாரய்யா நீர்?' என்று விசாரிப்பான். ராஜா தன் பெருமையை விஸ்தாரமாகச் சொல்லிக்கொள்வார். நடுவில் கட்டியக்காரன் உள்ளூர் சமாச்சாரத்தை இழுத்துவிட்டுக் கிண்டல் அடிப்பான். எல்லாரும் சிரிப்பார்கள்.

அடுத்த நிமிஷமே திரௌபதியின் சேலையை துச்சாதனன் பிடிப்பான். சிரித்துக்கொண்டிருந்த அதே கூட்டம் விம்மும்.

திருவிழா முடிகிற சமயத்தில் படுகளம். தரையில் மண்ணால் பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தைப் போட்டிருப்பார்கள். அதைச் செய்தது யார், மண் எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். அப்படியிருந்தும் பீமன் வேஷக்காரர் கதாயுதத்தால் தொடையில் அடிக்கிறபோது, அங்கிருந்து சிவப்பு வழிகிறபோது, அதைத் தொட்டு திரௌபதி கூந்தல் முடிகிறபோது, ஊர் உறைந்து நிற்கும். முடிந்ததும் அந்த உருவத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்த துரியோதனன்தான் நம் ஊர் கிராபிக்ஸ் பாத்திரம். சைஸ் பிரம்மாண்டம், செய்தது மனுஷன், உயிர் கொடுத்தது ஊர்.

*

சினிமா வந்ததும் இந்தக் கொடுக்கல் வாங்கல் அப்படியே அங்கே குடிபெயர்ந்தது.

லூமியர் சகோதரர்கள் திரையில் ரயில் வருவதைக் காட்டியபோது, ரயில் தங்கள் மேல் ஏறிவிடும் என்று பயந்து பாரிஸ் ஜனங்கள் எழுந்து ஓடினார்கள் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சினிமா வரலாற்றை ஆராய்ந்தவர்கள், அப்படி ஓடியதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை என்கிறார்கள். பழைய ஆட்கள் ஏமாளிகள் என்று நினைத்துக்கொள்வதில் நமக்கு ஒரு சந்தோஷம். அவ்வளவுதான்.

1905-ல் திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்கிற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். கூடாரம் அடித்து இயேசுவின் வாழ்க்கையைக் காட்டினார். பார்த்தவர்கள் யாரும் இயேசுவே கூடாரத்துக்குள் வந்துவிட்டார் என்று நினைக்கவில்லை. படம் என்று தெரிந்துதான் காசு கொடுத்தார்கள்.

தாதாசாகேப் பால்கே 1919-ல் 'காளிய மர்தன்' எடுத்தார். குட்டிக் கிருஷ்ணனாக நடித்தது அவருடைய மகள் மந்தாகினி. படத்தின் ஆரம்பத்தில் பால்கே ஒரு காரியம் செய்தார். வேஷம் போடாத மந்தாகினியைக் காட்டினார். அவள் சிரிக்கிறாள், முறைக்கிறாள், முகத்தை வகை வகையாக மாற்றுகிறாள். பிறகு அந்த முகமே கிருஷ்ணனாக மாறுகிறது. 'இதோ பாருங்கள், இது என் பொண்ணு, இனிமேல் கிருஷ்ணன், சரியா?' என்று கேட்டு சம்மதம் வாங்குகிற மாதிரி. கூத்தில் துணியைப் பிடிக்கிறார்களே, அதே வேலை. ரகசியத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிட்டார். ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. காளியன் தலைமேல் குழந்தை ஆடியபோது ஜனங்கள் கிருஷ்ணனைத்தான் பார்த்தார்கள்.

அந்தக் காலத்துத் தந்திரங்கள் எல்லாம் கேமராவுக்குள்ளேயே நடந்தவை. ஓடுகிற கேமராவை நிறுத்தி, ஆளை நகர்த்திவிட்டு, மறுபடி ஓட்டினால் ஆள் மாயம். ஜார்ஜ் மெலியஸ் என்கிற பிரெஞ்சு மேஜிக் நிபுணர் பிரபலப்படுத்திய வித்தை இது. அடுத்தது மாஸ்க். லென்ஸின் ஒரு பக்கத்தை மறைத்துவிட்டு ஒரு தடவை எடுப்பது. பிலிமைப் பின்னால் சுற்றி, மறைத்ததைத் திறந்து, எடுத்ததை மறைத்து, இன்னொரு தடவை எடுப்பது. இரட்டை வேஷம் ரெடி. கேமரா ஒரு நூல் அசைந்தாலும் கதை கந்தல்.

'திருவிளையாடல்' 1965-ல் வந்தது. ஏ.பி. நாகராஜன் இயக்கம். பாடுகிற சிவாஜி, வீணை சிவாஜி, மிருதங்க சிவாஜி என்று ஒரே சட்டத்தில் ஐந்து சிவாஜிகள் கச்சேரி செய்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? இன்று அதை ஒரு காலேஜ் பையன் லேப்டாப்பில் செய்துவிடுவான். ஆனால் ஐந்து சிவாஜிகளுக்கும் ஐந்து விதமான தலையாட்டல், ஐந்து விதமான பெருமிதம் கொடுத்ததை எந்த லேப்டாப் செய்யும்? தந்திரம் பாதி. நடிகர் மீதி.

'மாயாபஜார்' விஷயமும் அதேதான். இயக்குநர் கே.வி. ரெட்டி, ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி. இருவரும் அதற்கு முன்பே 1951-ல் 'பாதாள பைரவி' செய்து கைபழகியவர்கள். லட்டு பறந்தது அவர்கள் கைவண்ணம். ஆனால் லட்டு உள்ளே போனதும் ரங்காராவ் முகத்தில் ஒரு ருசி தெரிந்தது பாருங்கள், அங்கேதான் கடன் அடைந்தது. பறந்தது பொய், ருசித்தது நிஜம்.

*

இனி கம்ப்யூட்டர் காலம்.

சினிமாவில் முழுக்கக் கம்ப்யூட்டரில் பிறந்து அசல் போல நடமாடிய முதல் பாத்திரம் என்று 1985-ல் வந்த 'யங் ஷெர்லாக் ஹோம்ஸ்' படத்து வீரனைச் சொல்வார்கள். சர்ச் ஜன்னலில் வண்ணக் கண்ணாடி ஓவியமாக இருந்தவன் கீழே குதித்து வருவான். திரையில் இருந்தது சில நொடிகள்தான்.

1993-ல் ஸ்பீல்பெர்க்கின் 'ஜுராசிக் பார்க்'. டைனோசர் வந்தது என்று எல்லாரும் பேசினார்கள். ஆனால் அந்தப் படத்தில் நம்மைக் கடன் கொடுக்க வைத்தது டைனோசர் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர். வண்டியில் இருக்கும் டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக அதிரும். எங்கோ தூரத்தில் மிகக் கனமான ஒன்று நடந்து வருகிறது. வயிற்றைப் பிசைகிறது இல்லையா? அந்த அதிர்வுக்குக் கம்ப்யூட்டரே தேவைப்படவில்லை. டம்ளருக்குக் கீழே கிதார் கம்பியைக் கட்டி மீட்டினார்கள். கனத்தை முதலில் காட்டினார்கள், உருவத்தைப் பிறகு காட்டினார்கள்.

நம் பக்கம் 1994-ல் ஷங்கரின் 'காதலன்'. ஒரு பாட்டில் பிரபுதேவாவின் தலை காணாமல் போய், உடுப்பு மட்டும் ஆடியது. எஸ்.டி. வெங்கிக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கான தேசிய விருது. 1996-ல் 'இந்தியன்'. பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் கமலைப் புகுத்தி நேதாஜியோடு நிற்க வைத்தார்கள். அதற்கும் தேசிய விருது. 1998-ல் 'ஜீன்ஸ்'. மறுபடியும் விருது. தமிழ் சினிமாவுக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்த வருஷங்கள் அவை.

இடையில் 1995-ல் தெலுங்கில் 'அம்மோரு'. கோடி ராமகிருஷ்ணா இயக்கியது. தமிழில் 'அம்மன்' என்று வந்து ஊர் ஊராக ஓடியது. அந்தப் படத்துக் கிராபிக்ஸை இன்று டி.வி.யில் பார்க்கிற பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சௌந்தர்யா அழுதபோது அம்மன் வர வேண்டும் என்று கொட்டகையில் இருந்த அத்தனை பெண்களும் நினைத்தார்கள். வந்தாள். வந்த அம்மன் கொஞ்சம் அட்டை மாதிரி இருந்தாலென்ன? படுகளத்து துரியோதனன் மட்டும் அசலா?

அதே சமயம் கம்ப்யூட்டரே இல்லாமலும் காரியம் நடந்ததை மறக்கக்கூடாது. 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்'. குள்ள அப்புவாகக் கமல். காலை மடக்கி முட்டியில் விசேஷ ஷூ மாட்டிக்கொண்டு சில காட்சிகள், பள்ளம் தோண்டி அதில் நின்று சில காட்சிகள். எப்படி எடுத்தார்கள் என்று தமிழ்நாடே மண்டையைக் குடைந்தது. ஆனால் அப்புவின் காதல் தோற்றபோது யாரும் முட்டியைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தோம்.

2010-ல் 'எந்திரன்'. ஹாலிவுட்டின் ஸ்டான் வின்ஸ்டன் ஸ்டுடியோ ஆட்கள் ரோபோ பொம்மை செய்து கொடுத்தார்கள். ஸ்ரீனிவாஸ் மோகன் கிராபிக்ஸ் மேற்பார்வை. நூற்றுக்கணக்கான சிட்டிகள் சேர்ந்து உருண்டையாகி, பாம்பாகி, விசுவரூபம் எடுத்த கிளைமாக்ஸைத்தான் எல்லாரும் பேசினார்கள். ஆனால் சிட்டி ஒரு 'ஆள்' ஆனது அங்கே இல்லை. தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணை சிட்டி அப்படியே தூக்கி வெளியே கொண்டு வருமே, அங்கே. உயிரைக் காப்பாற்றியது. மானம் என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியவில்லை. அந்தப் பெண் கூசிக் குறுகி ஓடி வண்டியில் அடிபட்டுச் செத்தபோது, இயந்திரம் செய்த தப்பு நம்மை உறுத்தியது. எந்தப் பாத்திரம் தப்பு செய்து நம்மை உறுத்துகிறதோ, அதற்கு உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

*

இப்போது ஒரு குத்துச்சண்டை. ஒரு மூலையில் ஈ. இன்னொரு மூலையில் சூப்பர் ஸ்டார்.

2012 ஜூலையில் எஸ்.எஸ். ராஜமௌலியின் 'நான் ஈ'. தெலுங்கிலும் தமிழிலும் சேர்ந்தே எடுத்தது. கதாநாயகன் நானி ஆரம்பத்திலேயே கொலையாகி, ஈயாகப் பிறந்து, வில்லன் சுதீப்பைப் பழிவாங்குகிறான். கதையை இப்படி ஒரு வரியில் சொன்னால் கைகொட்டிச் சிரிப்பீர்கள். ஈக்கு வாய் பேச வராது. முகத்தில் பாவம் காட்ட முடியாது. நெற்றி சுருக்க நெற்றி கிடையாது. கிராபிக்ஸ் ஆட்களிடம் இருந்தது ஆறு கால், இரண்டு சிறகு, இரண்டு பெரிய கண். அவ்வளவுதான்.

அந்த ஈ, காதலி சிந்திய கண்ணீரிலேயே எழுதித் தான் யார் என்று அவளுக்குத் தெரிவிக்கிறது. பார்த்தவர்கள் கலங்கினார்கள்.

2014 மே மாதம் 'கோச்சடையான்'. ரஜினிகாந்த் நடிப்பு, சௌந்தர்யா இயக்கம், ஏ.ஆர். ரஹ்மான் இசை. நடிகர் உடம்பில் குறிகளை ஒட்டி, அவர் அசைவதைச் சுற்றிலும் கேமரா வைத்துப் பதிவு செய்து, அந்த அசைவைக் கம்ப்யூட்டர் உருவத்துக்கு மாட்டுகிற மோஷன் கேப்சர் முறை. இந்தியாவுக்கு அன்று புதுசு. துணிச்சலான முயற்சிதான், சந்தேகமே இல்லை. 2009-ல் மறைந்த நாகேஷைக்கூட அதில் திரும்பக் கொண்டு வந்தார்கள்.

ஆனால் வெளியே வந்த பலரும் ஒரே மாதிரி முணுமுணுத்தார்கள். 'எல்லாம் சரி... கண்ணுல உயிர் இல்லையே!'

விசித்திரம் இல்லையா? யாருக்கும் அறிமுகம் இல்லாத ஒரு ஈக்கு வாரிக் கொடுத்த கடனை, நாற்பது வருஷமாகக் கொண்டாடிய முகத்துக்குக் கொடுக்கக் கை வரவில்லை!

இதற்கும் ஒருத்தர் முன்பே விளக்கம் சொல்லிவிட்டார். மசாஹிரோ மோரி என்கிற ஜப்பானிய ரோபோ நிபுணர், 1970-ல். பொம்மை மனிதச் சாயலுக்கு வர வர நமக்குப் பிரியம் கூடும். ஆனால் கிட்டத்தட்ட மனிதன், ஆனால் மனிதன் இல்லை என்கிற இடத்துக்கு வந்ததும் பிரியம் படாரென்று பள்ளத்தில் விழும். ஓர் அருவருப்பு வரும் என்றார். ஹாலிவுட்டும் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கிறது. 2001-ல் 'ஃபைனல் ஃபேன்டஸி' என்று ஒரு படம். அசல் மனிதர்கள் போலவே கம்ப்யூட்டர் மனிதர்களைச் செய்தார்கள். நஷ்டம் தாங்காமல் அந்த ஸ்டுடியோவை இழுத்து மூடினார்கள். அடுத்த வருஷமே 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டாம் பாகத்தில் கோலம் வந்தான். ஆண்டி செர்கிஸ் நடித்துக் காட்ட, அதன்மேல் கட்டிய கம்ப்யூட்டர் உருவம். மனிதன் மாதிரியும் இல்லை, மிருகம் மாதிரியும் இல்லை. உலகமே ஏற்றுக்கொண்டது.

காரணம் சிம்பிள். மனித முகத்தைப் படிப்பதில் நாம் எல்லாருமே பி.எச்.டி. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அம்மா முகத்தைப் பார்த்துப் படித்த படிப்பு. அதில் ஒரு பைசா குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவோம். ஈ முகத்தில் நமக்கு எல்.கே.ஜி. படிப்புகூடக் கிடையாது. அங்கே குறைவதை நாமே நம் கையிலிருந்து போட்டு நிரப்புகிறோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். 'நான் ஈ' எப்படி ஆரம்பிக்கிறது? தூங்கப்போகிற குழந்தை அப்பாவிடம் கதை கேட்கிறது. அவர் ஓர் ஈ கதை சொல்கிறார். அடடா! பால்கேயின் மகள், கூத்தில் பிடித்த துணி, எல்லாம் ஒன்றுதான். 'இது கதை, கொஞ்சம் கடன் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கினார்கள். கூடவே சுதீப். எதிரில் எதுவுமே இல்லாத காற்றைப் பார்த்து அந்த மனுஷன் பயந்த பயம் இருக்கிறதே! அவர் நம்பினார். அதனால் நாம் நம்பினோம்.

2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' படத்து வேற்றுக்கிரகவாசி வரை இதே விதிதான். சித்தார்த் குரல் கொடுத்த அந்த 'டாட்டூ'வை யாரும் மனிதனோடு ஒப்பிடப் போவதில்லை. பிழைத்துக்கொண்டது.

*

இதுவரை கொடுக்கல் வாங்கல் ஒழுங்காக நடந்தது. கேட்டார்கள், கொடுத்தோம். இனிமேல்தான் சிக்கல்.

2024-ல் மட்டும் நடந்ததைப் பாருங்கள். 'லால் சலாம்' படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஐ. மூலம் ரஹ்மான் பாட வைத்தார். ஜூலையில் 'இந்தியன் 2'. 2021-ல் மறைந்த விவேக்கும் நெடுமுடி வேணுவும் நடித்து முடிக்காத இடங்களைக் கம்ப்யூட்டர் நிரப்பியது. செப்டம்பரில் 'கோட்'. இளம் விஜய் வந்தார். முந்தைய டிசம்பரில் மறைந்த விஜயகாந்த் வந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கித்தான் செய்தார்கள். கொட்டகையில் விசில் பறந்தது. அது சினிமா. டிக்கெட் கையில் இருந்தது. விஜயகாந்த் இல்லை என்பது விசில் அடித்த எல்லாருக்கும் தெரியும்.

அதே வருஷம் ஜனவரியில், 2018-ல் மறைந்த கருணாநிதி ஒரு புத்தக விழாவில் திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். ஏ.ஐ. உபயம். பிப்ரவரியில், 2016-ல் மறைந்த ஜெயலலிதாவின் குரலில் அ.தி.மு.க. ஓர் ஆடியோ வெளியிட்டது. அதுவும் ஏ.ஐ. இரண்டுமே வெளிப்படையாகச் சொல்லிச் செய்தவை. சரி. ஆனால் இதே வித்தையை சொல்லாமல் செய்ய எத்தனை நேரம் ஆகும்? 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகாவின் முகத்தை இன்னொரு பெண்ணின் உடம்பில் ஒட்டி ஒரு வீடியோவை உலவ விட்டார்களே, அவரிடம் யார் அனுமதி கேட்டார்கள்? பார்த்தவர்களிடம்தான், 'இது வேஷம்' என்று யார் சொன்னார்கள்?

துணி பிடிக்க ஆள் இல்லை. கட்டியக்காரன் இல்லை. கதை சொல்லுகிற அப்பா இல்லை. போனில் மணி அடிக்கிறது, வீடியோ வந்து விழுகிறது. நாம் கடன் கொடுக்கவில்லை. பையிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். கடனுக்கும் பிக்பாக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிய பி.காம். படிக்க வேண்டியதில்லை.

ஏமாறுவதுகூடப் பரவாயில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. சந்தையில் கள்ளநோட்டு பெருகினால் என்ன ஆகும்? கள்ளநோட்டு செல்லும் என்பது இல்லை. நல்ல நோட்டும் செல்லாமல் போகும். நீங்கள் உழைத்துச் சம்பாதித்த 500 ரூபாயை நீட்டினாலும் கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். சந்தேகமாக இருந்தால் வேண்டாம் என்பார்.

இப்போது ஓரமாக உட்கார வைத்த இரண்டாவது ராட்சதனைக் கூப்பிடுவோம்.

2023 ஜூலை 26. கடலூர் மாவட்டம், சேத்தியாத்தோப்பு பக்கத்தில் வளையமாதேவி. நெய்வேலி சுரங்க விரிவாக்கத்துக்காக, பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டுகிற வேலை. பச்சைப் பசேலென்று நெற்பயிர் நின்ற வயலுக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. நிலத்தை முன்பே கையகப்படுத்தி இழப்பீடும் கொடுத்தாகிவிட்டது என்றது என்.எல்.சி. நட்ட பயிரை அறுக்கும் வரையாவது பொறுக்கக்கூடாதா என்றார்கள் விவசாயிகள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. நின்ற பயிரை அழித்தது பற்றி நீதிபதி வேதனை தெரிவித்தார்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுத நான் இங்கே உட்காரவில்லை. நான் கேட்பது வேறு. தமிழ்நாட்டில் மற்ற ஊர்க்காரர்கள் அந்தக் காட்சியை எப்படிப் பார்த்தார்கள்? டி.வி.யில், போனில். பச்சைப் பயிர், மேலே மஞ்சள் இயந்திரம், பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற மனுஷர்கள். பார்த்தவர்கள் பதறினார்கள். அந்த விவசாயிகளிடம் இருந்த ஒரே பலம் அந்தப் படம் நிஜம் என்பதுதான். அதை யாரும் சந்தேகிக்கவில்லை.

அது 2023. இனிமேல் இன்னொரு ஊரில், இன்னொரு வயலில் இதே மாதிரி நடந்து, ஒருத்தர் போனில் படம் எடுத்து அனுப்பினால்? 'அட, இதெல்லாம் ஏ.ஐ. சார், கிராபிக்ஸ்' என்று ஒரே வார்த்தையில் ஒருத்தர் தள்ளிவிட முடியும். பொய் சொல்லக்கூட வேண்டாம். சந்தேகத்தைக் கிளப்பினால் போதும். லட்டு பறந்ததை ஏற்றுக்கொண்ட அதே ஜனங்கள், மண்ணோடு மண்ணான பயிரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார்கள்.

கடோத்கஜனால் இந்த ஆபத்து வரவில்லை. அவன் யோக்கியன். வாசலில் போஸ்டர் ஒட்டி, விளக்கை அணைத்து, டைட்டில் போட்டுக் கேட்டு வாங்கினான். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் திருப்பிக் கொடுத்துவிட்டான். சிட்டியும் ஈயும் அப்படித்தான். கிராபிக்ஸ் பார்த்துப் பார்த்து ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்று பயப்பட வேண்டியதே இல்லை. கேட்டு வாங்குகிறவனிடம் கொடுத்துப் பழகியவர்களுக்கு, கேட்காமல் எடுக்கிறவனைக் கண்டால் கோபம் வரும். வர வேண்டும்.

ஆகவே அடுத்த தடவை ஒரு படம் உங்கள் முன் வந்து நின்றால், நிஜமா, பொய்யா என்று கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்?

ஆள் கண்ணுக்குத் தெரிந்தால், தாராளமாகக் கடன் கொடுங்கள். தெரியாவிட்டால், சட்டைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது உங்கள் நம்பிக்கை மட்டும் இல்லை. என்றைக்காவது வயலில் நின்று, 'இது நிஜம்' என்று கத்தப்போகிற எவரோ ஒருத்தருக்குச் சேர வேண்டிய பணமும் அதில்தான் இருக்கிறது.